விழுகட்டை விளையாட்டு

கரிசற் சீமையில் அறுவடை முடிந்து, களம் ஒழிந்து, அடுத்த மழைக்கு மண் வெடித்துக் காத்துக் கிடக்கும் கோடையே விளையாட்டுக்குரிய காலமாகும். கோவில்பட்டியைச் சூழ்ந்த சிற்றூர்களில் வேப்பமர நிழலிலும் வீட்டுத் திண்ணையிலும் ஆடுபுலியாட்டமும் தாயமும் பல்லாங்குழியும் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்தன. கரித்துண்டும் கூழாங்கல்லும் புளியங்கொட்டையுமே அவற்றுக்கு வேண்டிய கருவிகள். 1990-ஆம் ஆண்டுகளில் இத்திண்ணைகளுக்குப் புதியதோர் ஆட்டம் வந்து சேர்ந்தது. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று; அதன் மேற்பாதியில் சாம்பல் நிறச் சிறு திரை; கீழ்ப்பாதியில் சில பொத்தான்கள்; முதுகில் பேட்டரிகள். கடைத்தெருக்களிலும் திருவிழாக் கடைகளிலும் இது விற்கப்பட்டது. சிறுவர் இதனை ‘வீடியோ கேம்’ என்றும் ‘பிரிக் கேம்’ என்றும் அழைத்தனர். சில பெட்டிகளின்மேல் 9999 ஆட்டங்கள் உள்ளன என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருந்தவையோ ஒரு சிலவே. வேகத்தையும் தொடக்க நிலையையும் மாற்றி மாற்றி எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டியிருந்தனர். வணிகர் கணக்கு என்றும் அத்தகையதே. அவ்வொரு சில ஆட்டங்களுள்ளும் பலரும் விரும்பி ஆடியது, மேலிருந்து விழும் கட்டைகளைக் கீழே இடைவெளியின்றி அடுக்கும் ஆட்டமாகும். உலகம் அதனை டெட்ரிஸ் என்று அறியும்.

திரையை ஒரு கிணறாகக் கொள்க. அதன் அகலம் 10 கட்டம். ஆழம் 20 கட்டம். அக்கிணற்றின் வாய் வழியே கட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கும். ஒவ்வொரு கட்டையும் நான்கு சதுரங்களைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டியமைத்தது. நான்கு சதுரங்களை அவ்வாறு எத்தனை வகையாக ஒட்டலாம் என்று தாளில் வரைந்து பார்த்தால், ஏழு வடிவங்கள் கிடைக்கும். நான்கும் ஒரே வரிசையில் நின்றால் கோல். இரண்டிரண்டாக அடுக்கினால் சதுரம். மூன்றன் நடுவில் நான்காவது முளைத்தால் அதனை முளைக்கட்டை எனலாம். மூன்றன் ஓரத்தில் நான்காவது திரும்பி நின்றால், அது தச்சர் கையாளும் மூலைமட்டம் போன்றது. இரண்டன்மேல் இரண்டு ஒரு கட்டம் விலகி நின்றால் படிக்கட்டு. பின்னிரண்டும் இடம், வலம் என இவ்விரு வகைப்படும். ஆட்டத்தில் கட்டையைச் சுழற்றலாம்; புரட்டிப் போட இயலாது. ஆதலின் இடக்காற் செருப்பு வலக்காலுக்கு ஆகாதது போல, இட மூலைமட்டம் வல மூலைமட்டத்தின் வேலையைச் செய்யாது.

கட்டை இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஆடுபவர் அதனை இடமோ வலமோ நகர்த்தி, வேண்டியவாறு சுழற்றி, தக்க இடத்தில் அமர்த்துதல் வேண்டும். ஒரு வரிசையின் பத்துக் கட்டங்களும் நிரம்பிவிட்டால் அவ்வரிசை மறைந்துபோகும். மேலே உள்ளவை ஒரு படி கீழிறங்கும். நிரம்பாத வரிசை அப்படியே நிற்கும். நேரம் செல்லச் செல்லக் கட்டைகள் விழும் வேகம் கூடும். குவியல் கிணற்றின் வாயைத் தொட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது.

விதிகள் இவ்வளவே. ஆயினும் இவற்றுள் ஒரு புதுமை உண்டு. பிற தொழில்களில் செம்மையாகச் செய்தது நிலைத்து நிற்கும்; பிழையாகச் செய்தது இடிந்து விழும். கொத்தனாரின் திறம் அவர் எழுப்பிய சுவரில் தெரியும். இங்கோ செம்மையாக அடுக்கியது கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடுகிறது. பிழையாக அடுக்கியதே கண்முன் நிற்கிறது. நெடுநேரம் நன்றாக ஆடியவரின் திரையில் அவர் திறமைக்குச் சான்றாக ஓர் எண்ணைத் தவிர வேறொன்றும் இராது. அவர் செய்த தவறுகள் மட்டும் அடியில் குவிந்து கிடக்கும்.

கரிசல் உழவர்க்கு இதன் நுட்பத்தை விளக்க வேண்டுவதில்லை. சோளம் அறுத்த பின்னர் அவர்கள் தட்டையைக் கட்டுக் கட்டாகக் கட்டிப் படப்பு வைப்பர். அடுத்த விளைச்சல் வரையில் மாடுகளுக்குத் தீவனம் அதுவே. அடுக்கில் எங்கேனும் பொள்ளல் விழுந்தால் மழைநீர் அதன் வழியே இறங்கும்; இறங்கிய இடத்தில் தட்டை மக்கிப் பாழாகும். பொள்ளல் அடியில் இருந்துவிட்டால், அதனைச் சீர்செய்ய மேலுள்ள கட்டுகளை எல்லாம் இறக்கியாக வேண்டும். விழுகட்டை ஆட்டத்திலும் பெரும்பகை பொள்ளலே. ஒரு வெற்றிடத்தின்மேல் கட்டை மூடிக்கொண்டால், பிறகு அதனை நேராக நிரப்ப வழியில்லை. அதனை மூடியுள்ள வரிசைகளை முதலில் நிரப்பி மறையச் செய்து, அதன் வாயைத் திறந்த பின்னரே அணுகுதல் கூடும். ஒரு கணத்து அவசரத்தால் விழுந்த பொள்ளல், பல கட்டைகளின் உழைப்பை விழுங்கிவிடும்.

ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர், ‘இக்கட்டை எங்கே பொருந்தும்?’ என்று மட்டும் எண்ணுவதில்லை. ‘இதனை இங்கே வைத்தால், இனி வருவதற்கு இடம் இருக்குமா?’ என்று எண்ணுவர். குவியலின் மேற்பரப்பை மேடு பள்ளம் மிகாமல் வைத்திருப்பர். எவ்வடிவம் வந்தாலும் அது சென்று அமர ஓர் இருக்கை ஆயத்தமாக இருத்தல் வேண்டும். புதிதாக ஆடுபவர் இருக்கும் குழியை நிரப்புவதிலேயே மகிழ்வர். பழகியவர் எக்குழியை நிரப்பாமல் விடுவது என்பதையும் கற்றிருப்பர். அண்மையில் வைத்த கட்டை அழகாகப் பொருந்தியும் ஆட்டம் கெடுவது இதனை அறியாமையாலேயே.

இவ்வாட்டம் பிறந்தது கரிசலுக்குச் சற்றும் ஒவ்வாத பனிநாட்டில். 1984-ஆம் ஆண்டில் மாஸ்கோ நகரில், சோவியத் அறிவியற் கழகத்தின் கணிப்பு நடுவத்தில் அலெக்சி பஜித்னோவ் என்பார் பணியாற்றி வந்தார். புதிர்களில் அவருக்கு ஆராத விருப்பம். ஐந்து சதுரங்களை ஒட்டிப் பெறும் பன்னிரண்டு வடிவங்களைப் பெட்டியில் அடைக்கும் புதிர் ஒன்று அந்நாளில் வழங்கிவந்தது. அமெரிக்கக் கணித அறிஞர் சாலமன் கோலம்ப் 1953-இல் அவ்வடிவங்களைப் பற்றி ஹார்வர்டில் உரையாற்றி, அவற்றுக்குப் பெண்டோமினோ என்று பெயரிட்டிருந்தார். இப்புதிரைக் கணிப்பொறிக்குக் கொண்டுவர பஜித்னோவ் முயன்றார். ஓடும் ஆட்டத்திற்குப் பன்னிரண்டு வடிவங்கள் மிகை என்று கண்டு, ஐந்து சதுரங்களை நான்காகக் குறைத்தார், வடிவங்கள் ஏழாயின. அவற்றை மேலிருந்து விழச் செய்தார். திரை சில நொடிகளில் நிரம்பி ஆட்டம் முடிந்துபோயிற்று. நிரம்பிய வரிசை பயனின்றி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பானேன் என்று எண்ணி அதனை நீக்கினார். அவ்வொரு விதியால் ஆட்டம் உயிர் பெற்றது.

அவர் கையாண்ட எலெக்ட்ரோனிகா 60 என்னும் பொறிக்குப் படம் வரையத் தெரியாது. எழுத்துகளையும் குறிகளையும் மட்டுமே அது காட்டும். எனவே பகர அடைப்புக் குறிகள் இரண்டை எதிரெதிரே நிறுத்தி ஒரு சதுரமாகக் காட்டினார். வண்ணமில்லை, இசையில்லை. அந்நிலையிலேயே அதனை ஆடுவதைத் தம்மால் நிறுத்த முடியவில்லை என்று அவரே பின்னாளில் கூறியுள்ளார். நான்கு என்று பொருள்படும் ‘டெட்ரா’ என்னும் கிரேக்கச் சொல்லோடு, தாம் விரும்பிய டென்னிஸ் ஆட்டத்தின் பெயரைக் கூட்டி ‘டெட்ரிஸ்’ என்று பெயரிட்டார். வாதிம் கெராசிமோவ் என்னும் பதினாறு வயது மாணவர், அதனை ஐ.பி.எம். கணிப்பொறியில் ஆடுமாறு அமைக்க உதவினார். பின்னர் அது கைக்குக் கை மாறி, நாடு விட்டு நாடு பரவியது. 1989-இல் நிண்டெண்டோ நிறுவனத்தின் ‘கேம் பாய்’ என்னும் கைப்பெட்டியோடு உலகெங்கும் சென்றது. ஆட்டத்தின் உரிமை அரசு நிறுவனத்தின் வசம் இருந்தமையால், ஆக்கியவர்க்கு அதன் வருவாயில் நெடுங்காலம் பங்கு கிடைக்கவில்லை. 1996-இல்தான் அவ்வுரிமை அவர் கைக்கு வந்தது.

எண்ணும் வடிவும் இதனுள் எவ்வாறு பின்னியுள்ளன என்பதைச் சிறிது காண்போம். ஒவ்வொரு கட்டைக்கும் 4 சதுரம். ஒவ்வொரு வரிசைக்கும் 10 சதுரம். கிணறு மீண்டும் முற்றிலும் வெறுமையாக வேண்டுமெனின், விழுந்த சதுரங்களும் மறைந்த சதுரங்களும் சமமாதல் வேண்டும். 4-க்கும் 10-க்கும் பொதுவான மிகச்சிறு மடங்கு 20. ஆதலின் 5 கட்டைகள் விழுந்து 2 வரிசைகள் மறைந்தாலன்றிக் கிணறு வெறுமையாதல் இயலாது. அதன் பின்னர் 10, 15 என ஐந்தின் மடங்குகளிலேயே இயலும். மூன்று சதுரங்களும் இரண்டு கோல்களும் வந்தால் இதனை எளிதில் செய்து பார்க்கலாம்.

இன்னொன்று இதனினும் வியப்புடையது. ஏழு கட்டைகளிலும் ஒவ்வொன்று எடுத்தால் மொத்தம் 28 சதுரங்கள். அவற்றைக் கொண்டு ஏழு நீளமும் நான்கு அகலமும் உள்ள ஒரு நீள்சதுரத்தை நிரப்பலாம் என்று தோன்றும். தடித்த தாளில் வெட்டி எத்தனை நாள் முயன்றாலும் அது நிரம்பாது. காரணம் எளியது. அந்நீள்சதுரத்திற்குச் சதுரங்கப் பலகை போலக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறித் தீட்டுக. கறுப்பு 14, வெள்ளை 14 ஆகும். முளைக்கட்டை ஒழிந்த ஆறு கட்டைகளும் எங்கே வைத்தாலும் இரண்டு கறுப்பையும் இரண்டு வெள்ளையையுமே மூடும். முளைக்கட்டை மட்டும் ஒரு நிறத்தில் மூன்றையும் மற்றதில் ஒன்றையும் மூடும். ஆகவே கணக்கு 15-க்கு 13 ஆகுமேயன்றி 14-க்கு 14 ஆகாது. ஒன்று இயலாது என்பதை, முயன்று சலித்து அறிவதைவிட, எண்ணி அறிவது நன்று.

ஆட்டத்தில் ஆசைக்கும் இடம் உண்டு. 1989-இல் வெளிவந்த நிண்டெண்டோ ஆட்டத்தின் தொடக்க நிலையில் ஒரு வரிசையை மறைத்தால் 40 புள்ளி, இரண்டை ஒருங்கே மறைத்தால் 100, மூன்றுக்கு 300, நான்குக்கு 1200. நான்கு வரிசைகளைத் தனித்தனியே மறைப்பவர் பெறுவது 160 மட்டுமே. நான்கையும் ஒருங்கே மறைக்க வல்லது கோல் ஒன்றுதான். ஆகவே புள்ளி வேண்டுவோர் ஒன்பது பத்திகளை நிரப்பி, ஓரப் பத்தியைத் திறந்து வைத்துவிட்டுக் கோலின் வரவை நோக்கியிருப்பர். கோல் வந்தால் ஒரே வீழ்ச்சியில் நான்கு வரிசையும் மறையும். வாராது தாழ்த்தால் குவியல் ஏறிக்கொண்டே போகும்.

கோவில்பட்டி வட்டாரத்து மானாவாரி உழவரின் நிலையும் இதுவே. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே, ஈரமற்ற புழுதியில் விதையை இட்டு மழையை எதிர்நோக்குவது இங்குள்ள வழக்கம். 1901-இல் தொடங்கப்பெற்ற கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தாரும் இம்முன்விதைப்பைப் பரிந்துரைத்துள்ளனர். மழை பெய்த பின்னர் விதைக்கலாம் என்று இருந்தால், கரிசல் மண் காலிலும் கொழுவிலும் ஒட்டிக்கொண்டு ஏரை உள்ளே விடாது. மண் பதப்படும்வரை காத்திருப்பதில் முதல் மழையின் ஈரம் வீணாகும். மிக முந்தி விதைத்தாலோ, சிறுதூறலில் விதை முளைவிட்டு, அடுத்த மழை வாராமையால் கருகிவிடும். வரப்போவதற்கு முன்கூட்டியே இடம் செய்து வைத்தல் அறிவுடைமை. எத்தனை நாள் அதனை நம்பியிருப்பது என்று அறிதல் அதனினும் அரிய அறிவுடைமை. ஆட்டத்தில் தோற்றவர் பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். விதை இழந்தவர் கடன் வாங்கித்தான் தொடங்க வேண்டும்.

இவ்வாட்டத்தில் இறுதி வெற்றி என்பது இல்லை. ஆடுபுலியாட்டத்தில் புலி கட்டுண்டால் ஆடு வென்றது. பல்லாங்குழியில் எதிராளியின் குழிகள் வெறுமையானால் ஆட்டம் தீர்ந்தது. விழுகட்டையில் எதிராளியே இல்லை. திறமையுடையவர் என்றென்றும் ஆடிக்கொண்டே இருக்கலாமோ என்று கணித அறிஞரும் ஆராய்ந்தனர். ஹைதி பர்கீல் என்னும் அம்மையார் 1997-இல் விடை கூறினார். இடப் படிக்கட்டும் வலப் படிக்கட்டும் மாறி மாறி வந்துகொண்டேயிருந்தால், எத்துணை வல்லவராயினும் 70,000 கட்டைகளுக்குள் கிணறு நிரம்பியே தீரும் என்று மெய்ப்பித்தார். கட்டைகள் குருட்டாம்போக்கில் வரும் ஆட்டம் முடிவின்றி நீண்டால், அத்தீய வரிசையும் என்றேனும் ஒருநாள் வந்தே தீரும். மனிதர் ஒருபுறம் இருக்க, பொறியே தளர்ந்த நிகழ்ச்சியும் உண்டு. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 21-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் ஓக்லஹோமா மாநிலத்துப் பதின்மூன்று வயதுச் சிறுவர் ஒருவர் பழைய நிண்டெண்டோ ஆட்டத்தை 157-ஆம் நிலை வரையில் ஆடினார். அந்நிலையில் ஆட்டம் திகைத்து உறைந்து நின்றுவிட்டது. ஆட்டம் வெளிவந்து முப்பத்து நான்கு ஆண்டுகளாக மனிதர் எவரும் கண்டிராத காட்சி அது.

வெற்றி என்னும் நிறுத்தம் இல்லாத ஆட்டம் மனத்தையும் எளிதில் விடுவதில்லை. மாலையெல்லாம் ஆடியவர் கண்ணை மூடினால், இமைக்குள்ளும் கட்டைகள் விழும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ராபர்ட் ஸ்டிக்கோல்டும் அவர் குழுவினரும் இதனை ஆராய்ந்து 2000-இல் வெளியிட்டனர். அவர்கள் 27 பேரை மூன்று நாட்களில் ஏழு மணி நேரம் ஆடச் செய்து, உறக்கம் தொடங்கும் வேளையில் என்ன தோன்றியது என்று வினவினர். பெரும்பாலோர் விழும் கட்டைகளைக் கண்டதாகக் கூறினர். அவருள் ஐவர் மூளைக் கேட்டால் புதிய நினைவுகளைப் பெறும் ஆற்றல் இழந்தவர்கள். தாம் ஆடியதையே மறந்தவர்கள். அவ்வைவருள்ளும் மூவர் அவ்வுருவங்களைக் கண்டனர். ஆடியதை மறந்த மனத்திலும் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

இதுவே மருந்தாகவும் பயன்படக்கூடும் என்று ஆக்ஸ்ஃபோர்டில் எமிலி ஹோம்ஸ் அம்மையாரும் துணைவரும் 2009-இல் காட்டினர். கொடிய விபத்துக் காட்சிகளைப் பார்த்த 40 பேரில் பாதிப்பேர், அரைமணி நேரம் கழித்துப் பத்து நிமிடம் இவ்வாட்டத்தை ஆடினர். பின் வந்த ஒரு வாரத்தில், ஆடாதவரைவிட அவர்களுக்கு அக்கொடுங்காட்சிகள் குறைவாகவே மனத்தில் மீண்டெழுந்தன. வடிவங்களைக் கண்டு பொருத்தும் மனத்தின் இடத்தைக் கட்டைகள் பற்றிக்கொண்டமையால், துயரக் காட்சி அங்கே வேரூன்ற இடம் குறைந்தது என்பர். அளவோடு ஆடினால் இத்தகைய நன்மையும் உண்டு. அளவு கடந்தாலோ, தேர்வுக்குப் படிக்க வேண்டிய மாணவரின் மாலைப்பொழுதையும் இவ்வாட்டம் பத்துப் பத்துக் கட்டமாக நிரப்பி மறையச் செய்துவிடும்.

கண்ணும் விரலும் சேர்ந்து இடம் நிரப்பும் இத்திறம் கோவில்பட்டிக்குப் புதியதன்று. மழை பொய்க்கும் நிலமும் ஈரமற்ற காற்றும் இவ்வட்டாரத்தைத் தீப்பெட்டித் தொழிலுக்கு உரியதாக்கின. பயிர் காய்ந்த குடும்பங்கள் அத்தொழிலை நாடின. மருந்து தோய்ப்பதற்கு முன்னர், தீக்குச்சிகளை மரச் சட்டங்களில் நிரையாக அடுக்குதல் வேண்டும். ஒரு குச்சி மற்றொன்றைத் தொடாமல் தனித்தனியே நிற்றல் வேண்டும். அல்லாவிடில் மருந்துத் தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெடும். நிரம்பிய சட்டம் கைவிட்டுப் போகும். வெறுஞ்சட்டம் முன்னே வந்து நிற்கும். எத்தனை சட்டம் என்பதே கூலிக்குக் கணக்கு. மெல்லிய விரல்கள் இவ்வேலைக்கு ஏற்றவை என்று சொல்லிச் சிறுவரையும் சிறுமியரையும் இதில் அமர்த்தினர். விடியுமுன்னரே ஆலை வண்டிகள் ஊர் ஊராகச் சென்று, உறக்கம் கலையாத குழந்தைகளை ஏற்றிச் சென்ற காலம் இருந்தது. மாஸ்கோவில் ஒருவர் வேலைக்கிடையே விளையாட்டொன்றைக் கண்டுபிடித்துத் தாமே அதில் மயங்கியிருந்த 1984-ஆம் ஆண்டும் அக்காலத்தைச் சேர்ந்ததே.

1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடுப்பு, முறைப்படுத்தல் சட்டம் பிறந்தது. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைகள் உழைப்பதைப் பற்றி எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. தடைசெய்த தொழிலில் குழந்தையை அமர்த்தியவர், ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் அக்குழந்தையின் நலனுக்காகச் செலுத்த வேண்டும் என்று அத்தீர்ப்பு விதித்தது. பஜித்னோவ் தம் ஆட்டத்தின் பயனைப் பெறத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். உழைத்த கைக்கு உரியது மிகத் தாழ்த்தே வந்து சேர்கிறது என்பதில் மாஸ்கோவும் கரிசலும் வேறுபடவில்லை. பல ஆலைகளில் இன்று குச்சிகளைப் பொறிகளே அடுக்குகின்றன.

அந்நாளில் சட்டம் அடுக்கிய சிறுமியர் இன்று நடுவயது கடந்தவர்கள். அவர்தம் மக்களும் பேரப்பிள்ளைகளும் பள்ளி விட்டு வந்து, அதே திண்ணைகளில் அமர்ந்து, கைப்பேசியில் கட்டைகளை அடுக்குகின்றனர். ஒரு கட்டை தவறி விழுந்து பொள்ளல் உண்டானால், பக்கத்தில் இருப்பவன் நகைப்பான், ஆடுபவனும் நகைப்பான். கூலி குறையும் என்னும் அச்சம் இருவர்க்கும் இல்லை.